பேனா பட்டனில் வலது கிளிக் வரவில்லை

கேள்வி: வரைபலகை (டிராயிங் டேப்லெட்) பேனா பற்றி. உபுண்டு, ஓப்பன்டேப்லெட்டிரைவர் (டேப்லெட்டை இயக்கும் டிரைவர் மென்பொருள்), அதில் ஆர்ட்டிஸ்ட் மோட் (பேனா அழுத்தத்தை வரையும் மென்பொருளுக்கு அனுப்பும் முறை). அழுத்தம் சரியாக வருகிறது. பேனாவின் கீழ்ப் பட்டனுக்கு மவுஸ் வலது கிளிக் கொடுத்தேன். கிரிட்டாவில் (வரையும் மென்பொருள்) மெனு திறப்பதில்லை. எங்கே தப்பு?

பதில்: மவுஸ் பைண்டிங்தான் (பட்டனுக்கு மவுஸ் செயலை ஒதுக்கியதுதான்) சிக்கல். ஆர்ட்டிஸ்ட் மோடில் பேனா ஒரு மெய்நிகர் சாதனம், மவுஸ் கிளிக் வேறொன்று, இரண்டும் மோதும். அந்தப் பட்டனுக்கு ‘அடாப்டிவ் பைண்டிங்’ எடுத்து ‘பட்டன் 1’ வையுங்கள். நுனிக்கும் அடாப்டிவ்தான், மதிப்பு ‘டிப்’. அப்புறம் அப்ளையோடு நிறுத்தாமல் சேவ் அழுத்துங்கள். இல்லாவிட்டால் மறுமுறை பழையபடி ஆகிவிடும். பலர் கோட்டை விடுவது இங்கேதான்.

இன்னொரு பதில்: அதற்கும் சரியாகவில்லையா? லினக்ஸ் கர்னலிலேயே உள்ள வாகாம் அல்லது யூசிலாஜிக் மாட்யூல் (டேப்லெட் டிரைவர்) டேப்லெட்டைப் பிடித்து வைத்திருக்கலாம். அந்த மாட்யூலை பிளாக்லிஸ்டில் (ஏற்றக்கூடாதவற்றின் பட்டியல்) சேர்த்து, இனிட்ராம்எஃப்எஸ்ஸைப் (பூட் ஆகும்போது முதலில் ஏறும் கோப்புத் தொகுப்பு) புதுப்பித்து, ரீபூட் செய்யுங்கள்.

கேட்டவர்: ‘பட்டன் 1’ போட்டதும் மெனு வந்துவிட்டது. நன்றி.