சின்னவன் கை கொடுக்கவில்லை

ஆயர் ஈத்தாம் குடும்பம் (வாட்ஸ்அப் குழு)

சித்தி: நேற்று நீச்சல் போட்டியில் சின்னவன் இரண்டாவது. சந்தோஷம்தான், ஆனால் ஜெயித்த பையன் கை கொடுக்க வந்தபோது இவன் முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விட்டான், எல்லார் முன்னாடியும் எனக்கு மானமே போய்விட்டது

அண்ணன்: பத்து வயசுதானே, விடுங்க சித்தி

மாமா: எப்படி விடுவது? அமெரிக்க நீச்சல் வீரர் மைக்கேல் பெல்ப்ஸ் கதையைச் சொல்லு அவனிடம். 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் 100 மீட்டர் பட்டர்ஃப்ளை, சக அமெரிக்கர் இயன் குரோக்கரை 0.04 விநாடியில் முந்தினார். அதனால் நாலு பேர் ஆளுக்கொரு பாணியில் நீந்தும் மெட்லி ரிலே இறுதிச் சுற்றில் பட்டர்ஃப்ளை இடம் இவருக்குத்தான். அதை அந்தக் குரோக்கருக்கே விட்டுக்கொடுத்துவிட்டுக் கரையில் நின்று கத்தி உற்சாகப்படுத்தினார்

தம்பி: ஆனால் தகுதிச் சுற்றில் நீந்தியவருக்கும் பதக்கம் உண்டு மாமா, அவருக்கும் தங்கம் வந்தது. கைக்காசு போகாத தானம் லா

மாமா: அவசரப்படாதே. அமெரிக்க நீச்சல் வீரர் மார்க் ஸ்பிட்ஸ் 1972 ஒலிம்பிக்கில் வாங்கிய 7 தங்கத்தைப் பிடிக்கத்தான் இவர் போனார். 4x100 ஃப்ரீஸ்டைல் ரிலேயில் முதலில் குதித்த குரோக்கர் உடம்பு சரியில்லாமல் மெதுவாக நீந்த, அமெரிக்காவுக்கு வெண்கலம். இவருக்குக் கடைசியில் 6 தங்கம், 2 வெண்கலம். அந்த ரிலே கிடைத்திருந்தால் 7, கணக்குப் போட்டுப் பார். அப்படிப்பட்டவனுக்கா நீ இடம் கொடுப்பாய்?

தம்பி: மாட்டேன் 😅

அண்ணன்: அதே ஆள்தான் 2014-இல் குடித்துவிட்டுக் கார் ஓட்டி மாட்டி, 6 மாதம் தடை வாங்கினார்

மாமா: அது தப்புதான், நான் ஒன்றும் அவரைச் சாமி என்று சொல்லவில்லையே. தண்ணீருக்குள் எப்படி என்றுதான் பேசுகிறேன்

தம்பி: அப்படியென்றால் தோற்ற கதையைச் சொல்லுங்க. 2016 ரியோ ஒலிம்பிக், அதே 100 மீட்டர் பட்டர்ஃப்ளை, நமக்குச் சனிக்கிழமை காலை, காப்பிக் கடையே டிவி முன்னாடி நின்றது. சிங்கப்பூர்ப் பையன் ஸ்கூலிங் 50.39 விநாடி, தங்கம். பெல்ப்ஸ், தென்னாப்பிரிக்காவின் லெ குளோ, ஹங்கேரியின் லாஸ்லோ சே மூன்று பேரும் அச்சு மாறாமல் 51.14, மூவருக்கும் வெள்ளி! சின்ன வயசில் தன்னோடு படம் எடுத்துக்கொண்ட பையனிடம் தோற்றும், சிரித்துக்கொண்டே கை கொடுத்தார்

சித்தி: இரு, அந்த வீடியோவை இவனிடம் காட்டுகிறேன்

சித்தி: காட்டினேன். "அவருக்கு அப்போதே 22 தங்கம் இருந்ததாம்மா, எனக்கு ஒன்றுகூட இல்லையே" என்கிறான் 🤦‍♀️

மாமா: அட! சரி, ஞாயிறு கூட்டிக்கொண்டு வா. செண்டோல் வாங்கிக் கொடுத்து நானே பேசிக்கொள்கிறேன்