உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பின்னும் திரும்பக் கிடைத்த ஓவர்டிராஃப்ட் கட்டணம்

பிரித்தானிய வங்கிகள் அறவிடும் ஓவர்டிராஃப்ட் (கணக்கில் இருப்பதைவிடக் கூடுதலாக எடுக்கும் மிகைப்பற்று) கட்டணத்தைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம், "அது 2009 ஆம் ஆண்டிலேயே முடிந்த கதை, உச்ச நீதிமன்றமே வங்கிகளின் பக்கம் நின்றுவிட்டதே" என்று நம்மவர்கள் பலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். அந்தத் தீர்ப்புக்கு முன்பு எனக்காகவும், பின்பு எனக்குத் தெரிந்த ஓர் அக்காவுக்காகவும் இத்தகைய பணத்தைக் கேட்டுப் பெற்றவன் என்பதால், இரண்டு முயற்சிகளும் எப்படி வேறுபட்டன என்பதை எழுதுகிறேன்.

முதலாவது 2007 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் நடந்தது. வங்கி அனுமதித்த எல்லையைக் கணக்கு தாண்டினால் ஒவ்வொரு முறையும் 30 பவுணுக்கு மேல் வெட்டிய காலம் அது. சம்பளம் ஒரு நாள் பிந்தினால் மின்கட்டணத்துக்கான டைரக்ட் டெபிட் (கணக்கிலிருந்து தானாகக் கழியும் கொடுப்பனவு) பணமின்றித் திரும்பிவிடும். அதற்கொரு கட்டணம் விழும். அந்தக் கட்டணமே கணக்கை மேலும் கீழே தள்ளுவதால், வந்து சேர்ந்த சம்பளத்தில் வாடகைக்குப் போதாமல் போய் இன்னொரு கட்டணம் விழும். கடன் அட்டைகளுக்கான தவணைத் தவறுக் கட்டணம் 12 பவுணைத் தாண்டினால் அது நியாயமற்றது என்றே கருதப்படும் என்று அன்றைய நுகர்வோர் பாதுகாப்பு அமைப்பான நியாய வர்த்தக அலுவலகம் 2006 ஏப்ரலில் அறிவித்திருந்ததால், வங்கிக் கணக்குகளுக்கும் அதே வாதத்தை முன்வைத்து ஆயிரக்கணக்கானோர் எழுதத் தொடங்கியிருந்தனர். நானும் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் 10 பவுண் செலுத்தி ஆறு ஆண்டுக் கணக்கறிக்கைகளைப் பெற்று, கட்டணங்களைக் கூட்டி, ஆண்டுக்கு 8 வீத வட்டியோடு சிறு வழக்காகப் பதிவு செய்தேன். பொறுப்பை ஏற்கவில்லை, நல்லெண்ண அடிப்படையில் தருகிறோம் என்று குறிப்பிட்டு, விசாரணைக்கு முன்பே வங்கி முழுத் தொகையையும் அனுப்பிவிட்டது. அன்று பலருக்கும் இப்படித்தான் கிடைத்தது.

2007 ஜூலையில் நியாய வர்த்தக அலுவலகமும் ஏழு வங்கிகளும் ஒரு கட்டடச் சங்கமும் ஒரு முன்னோடி வழக்குக்கு உடன்பட்டதும், காத்திருந்த முறைப்பாடுகள் பெரும்பாலும் நிறுத்தி வைக்கப்பட்டன. உயர் நீதிமன்றத்திலும் மேன்முறையீட்டு நீதிமன்றத்திலும் வங்கிகள் தோற்றன. ஆனால் 2009 நவம்பர் 25 அன்று, திறக்கப்பட்டு இரண்டு மாதங்கூட ஆகாத உச்ச நீதிமன்றம் வங்கிகளுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. தீர்ப்பு சொன்னது இதுதான்: இந்தக் கட்டணங்கள் நடைமுறைக் கணக்கு என்னும் முழுச் சேவைக்கான விலையின் ஒரு பகுதி, ஆகவே 1999 ஆம் ஆண்டின் நுகர்வோர் ஒப்பந்த ஒழுங்குவிதிகளைக் கொண்டு அந்த விலை அதிகமா, பொருத்தமா என்று சோதிக்க முடியாது. கட்டணங்கள் நியாயமானவை என்று நீதிமன்றம் எங்கும் கூறவில்லை. இந்த வேறுபாடு பரவலாகத் தெரியாமல் போனதை நான் பெரும் இழப்பாகக் கருதுகிறேன். ஏனெனில், வறுமையில் இருந்த ஒரு தனி வாடிக்கையாளரை வங்கி எப்படி நடத்தியது என்ற கேள்வியைத் தீர்ப்பு தொடவேயில்லை.

அக்காவின் முறைப்பாட்டை நாங்கள் அந்தக் கேள்வியின் மீதே எழுப்பினோம். கணவர் நோய்வாய்ப்பட்டு வேலையை விட்டதிலிருந்து உதவித்தொகையை நம்பிய குடும்பம் அது. எல்லையை மீறிய ஒவ்வொரு நாளுக்கும் சில பவுண் என மாதந்தோறும் அறவிடப்பட்டதால், பிள்ளைகளுக்கான கொடுப்பனவு வந்த அன்றே அதில் ஒரு பகுதி கரைந்துபோனது. 2017 ஆம் ஆண்டில் அவர் முதலில் தாமாக எழுதிய கடிதத்தில் "கட்டணம் மிக அதிகம்" என்று மட்டும் குறிப்பிட்டிருந்தார். வங்கி 2009 ஆம் ஆண்டுத் தீர்ப்பை மேற்கோள் காட்டி ஒரே பக்கத்தில் மறுத்துவிட்டது. அதன் பிறகு கணக்கறிக்கைகளோடு, அவரைப் பற்றி வங்கி வைத்திருந்த தொலைபேசிக் குறிப்புகளையும் கேட்டுப் பெற்றோம். கணவரின் நோயையும் வருமானம் குறைந்ததையும் அவர் அழைத்துச் சொன்ன நாள் அதில் பதிவாகியிருந்தது. நிதி நெருக்கடியில் இருப்போரை அனுதாபத்தோடும் ஆக்கபூர்வமாகவும் அணுகுவதாக வங்கிகள் தமது கடன் வழங்கல் நடத்தை விதித்தொகுப்பிலேயே உறுதியளித்திருந்தன. அப்படியிருக்க, அறிந்த பின்னும் கட்டணத்தை நிறுத்தாமல் தொடர்ந்தது ஏன் என்று கேட்டு, வரவு செலவு விவரத்தையும் இணைத்து அனுப்பினோம்.

வங்கி மீண்டும் மறுத்தது. இறுதிப் பதில் கடிதம் கிடைத்தால் ஆறு மாதத்துக்குள், எட்டு வாரம் கடந்தும் பதில் வராவிட்டால் அதன்பின், வங்கிக்கும் வாடிக்கையாளருக்கும் இடையிலான பிணக்கை விசாரிக்கும் சுயாதீன அமைப்பான நிதி ஒம்புட்ஸ்மன் சேவையிடம் செல்லலாம், அதற்குக் கட்டணமில்லை. அங்கே விசாரித்தவர் அந்தத் தொலைபேசி அழைப்புக்குப் பிந்தைய கட்டணங்கள் அனைத்தையும் 8 வீத எளிய வட்டியோடு திருப்பித் தரவேண்டும் என்றும், அதற்கு முந்தியவற்றுக்கு வங்கியைக் குறைகூற முடியாது என்றும் கருதினார். அக்காவுக்கு முந்திய தொகை கிடைக்காதது வருத்தம்தான். ஆயினும், நெருக்கடியை வங்கி அறிந்த நாளே எல்லைக்கோடு என்பதை அந்த முடிவு எங்களுக்குத் தெளிவாகக் காட்டியது. எனவே இன்று சிரமத்தில் இருப்பவர்கள் முதலில் செய்யவேண்டியது, அதை வங்கிக்கு எழுத்தில் அறிவிப்பதே.

கூடவே இன்னொன்றும் செய்தோம். சம்பளமும் உதவித்தொகையும் அதே கணக்கில் விழும்வரை கட்டணச் சுழல் நிற்காது என்பதால், வேறொரு வங்கியில் ஓவர்டிராஃப்ட் இல்லாத அடிப்படைக் கணக்கொன்றைத் திறந்து வரவுகளை அங்கே மாற்றினோம். பெரிய வங்கிகளின் அடிப்படைக் கணக்குகளில் பணமின்றித் திரும்பும் கொடுப்பனவுகளுக்கு 2016 ஜனவரி முதல் கட்டணம் கிடையாது.

2020 ஏப்ரல் 6 முதல் நிலைமை மாறியிருக்கிறது. நாட்கட்டணமும் மாதக்கட்டணமும் தடைசெய்யப்பட்டன. அனுமதியற்ற ஓவர்டிராஃப்டுக்கு, அனுமதித்த ஓவர்டிராஃப்டுக்கு அறவிடுவதைவிடக் கூடுதலாக அறவிடவும் முடியாது. அதற்கு ஈடாகப் பல வங்கிகள் வட்டியை ஏறக்குறைய 40 வீதத்துக்கு உயர்த்தின. ஆகவே அதற்குப் பிந்திய காலத்துக்கான முறைப்பாட்டில், ஆண்டுக்கணக்காகக் கணக்கு மிகைப்பற்றிலேயே கிடந்ததைக் கண்டும் வங்கி எல்லையைப் புதுப்பித்துக்கொண்டே வந்ததா என்பதே முக்கியமாகும். கணக்கறிக்கையில் வரவு நிலுவை இருந்த நாட்களை மாதவாரியாகக் குறித்து அனுப்பினால் அது தெளிவாகத் தெரியும்.

கால எல்லையையும் கவனியுங்கள். சம்பவம் நடந்து ஆறு ஆண்டுகள், அல்லது முறையிடக் காரணம் உண்டென்று தெரியவந்ததிலிருந்து மூன்று ஆண்டுகள், இவற்றில் எது பிந்தியதோ அதுவரை ஒம்புட்ஸ்மன் ஏற்பார். தொலைபேசியில் அழைத்து மீட்டுத் தருகிறோம் என்று சொல்லும் நிறுவனங்கள் கிடைக்கும் பணத்தில் கணிசமான பங்கை எடுத்துக்கொள்ளும். அவை எழுதும் கடிதத்தை நீங்களே எழுதலாம். ஆங்கிலம் தடையாக இருந்தால், ஒம்புட்ஸ்மன் சேவையிடம் மொழிபெயர்ப்பு உதவி கேட்கலாம். நீங்கள் விரும்பும் ஒருவர் உங்கள் சார்பில் பேசவும் எழுத்துமூலம் அனுமதியளிக்கலாம். அக்காவின் விடயத்தில் நான் பேசியது அந்த அனுமதியோடுதான்.