சிமுலேட்டரில் உடம்பு கனக்குமா?

தளி ரோடு:
விமானம் கட்டுப்பாடு இழந்தால் மீட்கும் பயிற்சிக்கு சிமுலேட்டரே போதும், சின்ன விமானத்தில் ஏற்றித் தலைகீழாகப் புரட்டுவதெல்லாம் பள்ளிகள் காசு பார்க்கும் வழி என்று நேற்று இங்கே ஒருவர் எழுதியிருந்தார். படித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. சிமுலேட்டர் ஆறு கால்களில் நிற்கும் பெட்டி. சாயும், குலுங்கும். ஆனால் கீழே பாயும் மூக்கை நிமிர்த்தும்போது உடம்பு இரண்டு மடங்கு கனக்குமே, அதை அந்தப் பெட்டியால் தொடர்ந்து காட்ட முடியாது. அந்தக் கனமே தெரியாதவர் நிஜத்தில் என்ன செய்வார்?

அரூர்:
எழுதியது நான்தான் சார், பெயர் சொல்லியே திட்டலாம். 2009 ஜூன் 1, ஏர் பிரான்ஸ் 447, 228 பேர் போனார்கள். வேகம் அளக்கும் குழாயில் பனி அடைத்து ஆட்டோபைலட் விலகியதும், துணை விமானி மூக்கைத் தூக்கும்படி சைடுஸ்டிக் என்ற கைப்பிடியைப் பின்னால் இழுத்துக்கொண்டே இருந்தார். கிளைடர் உரிமம் வைத்திருந்தவர் அவர். உடம்பு பழகித்தானே இருந்தது?

தளி ரோடு:
கிளைடர் எங்கே, நடுராத்திரி அட்லாண்டிக் மேல் 38,000 அடி எங்கே! அந்த உயரத்தில் கையால் ஓட்டும் பயிற்சியே அவருக்குத் தரப்படவில்லை.

அரூர்:
அதைத்தான் சிமுலேட்டரில் தரலாம் என்கிறேன்.

பென்னாகரம்:
மூக்கு 25 டிகிரிக்கு மேல் தூக்கினால், 10 டிகிரிக்கு மேல் தாழ்ந்தால், பக்கவாட்டில் 45 தாண்டிச் சாய்ந்தால் கட்டுப்பாடு இழந்த நிலை என்று வரையறை இருக்கிறது. அதிலிருந்து பேசலாமே?

தளி ரோடு:
டிகிரி கிடக்கட்டும். உடம்பு கனக்குமா கனக்காதா? 2001 நவம்பர் 12, அமெரிக்கன் 587, நியூயார்க். துணை விமானி ரடரை, அதாவது வாலில் இருக்கும் திசைதிருப்பும் பலகையை, இடமும் வலமும் மாற்றி மாற்றி முழுக்க மிதித்ததில் வாலின் செங்குத்துப் பகுதியே பிய்ந்து விழுந்தது, 265 பேர் போனார்கள். அந்த நிறுவனம் சிமுலேட்டரில் கொடுத்த மீட்புப் பயிற்சியும் ஒரு காரணம் என்றே விசாரணை சொன்னது. பெட்டிக்குள் எவ்வளவு மிதித்தாலும் வால் உடையாதே!

அரூர்:
தப்பு பாடத்தில், பெட்டியில் இல்லை. 2019 மார்ச்சிலிருந்து அமெரிக்க ஏர்லைன் விமானிகள் இறக்கை தூக்கும் விசையை இழக்கும் முழு ஸ்டாலையும் சிமுலேட்டரில்தான் பழகுகிறார்கள். அவர்களுக்குத் தெரியாதது உங்களுக்குத் தெரிந்துவிட்டதா?

தளி ரோடு:
அதே 2019 டிசம்பரில் ஐரோப்பா என்ன செய்தது? ஏர்லைனுக்குப் போகும் முன் குறைந்தது 3 மணி நேரம் நிஜ விமானத்தில் பழகியாக வேண்டும் என்றது. அவர்களும் காசு பார்க்கிறார்களா?

பாலக்கோடு:
தளி அண்ணா சொல்வது சரி. தொப்பூர் இறக்கத்தில் லோடு லாரி இறக்க யாராவது பெட்டிக்குள் உட்கார்ந்தா பழகுவார்கள்?

பென்னாகரம்:
தொப்பூரில் கவிழ்வது பயிற்சி இல்லாமல் இல்லை தம்பி, டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் விடுவதால்.

பாலக்கோடு:
எல்லாப் பழியும் டிரைவர் தலையில்தானா? அந்தச் சரிவைப் போட்டவர்களை ஏன் கேட்கவில்லை? என் மாமா லாரிக்காரர், பார்த்துப் பேசுங்கள்.

அரூர்:
பேலகொண்டப்பள்ளி ஓடுதளத்துக்குப் பக்கத்தில் குடியிருந்தால் விமானி ஆகிவிட முடியாது. ஓசூர் விமான நிலையப் பேச்சிலும் இவர் இப்படித்தான் யாரையும் வாய் திறக்க விடவில்லை.

தளி ரோடு:
வீட்டை ஏன் இழுக்கிறீர்கள்? அன்றைக்கும் பதில் இல்லாமல்தான் ஓடினீர்கள். இப்போதும் நான் கேட்டது ஒன்றே ஒன்று. சிமுலேட்டரில் உடம்பு கனக்குமா?

பென்னாகரம்:
நியூட்ரல்தான் காரணம். வேண்டுமானால் டோல்கேட்டில் நின்று கேட்டுப் பாருங்கள்.