பெயரை மறைத்துப் புள்ளியியல் கேள்வி கேட்கலாமா?

வணக்கம். பினாங்கில் முதுகலை ஆய்வு செய்கிறேன். ஒரு தமிழ்ப்பள்ளியில் (எது என்று கேட்காதீர்கள்) 22 ஆசிரியர்களிடம், பயிற்சிக்கு முன்பும் பின்பும், 1 முதல் 5 வரையிலான அளவுகோலில் ஒரே கேள்வியைக் கேட்டேன். 9 பேரின் பதில் மாறவே இல்லை. ஒவ்வொருவரின் முன், பின் வேறுபாட்டையும் தரவரிசைப்படுத்திப் பார்க்கும் வில்காக்சன் இணைச் சோதனையை ஆர் என்ற புள்ளியியல் மென்பொருளில் ஓட்டினால், அந்த 9 பேரையும் நீக்கிவிட்டு, பூஜ்யங்கள் (முன், பின் வேறுபாடே இல்லாத பதில்கள்) இருப்பதால் துல்லியமான பி மதிப்பு (உண்மையில் மாற்றமே இல்லையென்றாலும் இப்படியொரு முடிவு தற்செயலாக வரும் வாய்ப்பு) கிடைக்காது என்று எச்சரிக்கிறது. மாறாமல் இருப்பதும் ஒரு பதில்தானே! புள்ளியியலாளர் பிராட் 1959இல் சொன்னபடி, பூஜ்யங்களையும் சேர்த்துத் தரவரிசை கொடுத்துவிட்டுப் பிறகு பூஜ்யங்களின் தரவரிசையை மட்டும் விடுவது இங்கே பொருந்துமா?

முழுத் தரவையும் ஒட்டத் தயங்குகிறேன். பெயரை எடுத்தாலும் வயது, பாடம், பணி ஆண்டு மூன்றும் சேர்ந்தால் ஊரில் ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்கள். சில பாடங்களுக்கு ஒரே ஆசிரியர்தான். முன், பின் எண்களை மட்டும் இணை பிரியாமல், வரிசையைக் கலைத்துத் தந்தால் போதுமா?

என் பெயரும் வேண்டாம். மேற்பார்வையாளர் இந்தக் குழுவில் இருக்கக்கூடும்! முகம் காட்டாமல் கேட்பது மரியாதையல்ல என்று இங்குள்ள மூத்தவர்கள் சிலர் நினைக்கலாம். கேள்வி முழுமையாக இருந்தால் பெயர் எதற்கு என்பது என் எண்ணம். வேறு எந்தக் குழுவிலும் இதைக் கேட்கவில்லை. பிராட் முறையைப் பயன்படுத்திய அண்ணன்மார், அக்காமார் யாராவது சொல்லுங்கள்.