கொடிவேரியில் குளிக்கப் போகிறோம், 900 வருஷத்துச் சுவர் தாங்குமா?

திருப்பூர் மீனா:
பிள்ளைகளுக்கு லீவு விட்டாச்சு, ஞாயிற்றுக்கிழமை கோபிசெட்டிபாளையம் பக்கத்தில் பவானி ஆற்றில் இருக்கிற கொடிவேரி அணைக்குப் போயே ஆகணும் என்று வீட்டில் ஒரே பிடிவாதம். ஆறு வயது, பதினொரு வயதில் இரண்டு வாண்டுகள், கூட முழங்கால் வலியோடு மாமியார். அந்த அணை 1125-இல் கட்டியதாமே? 900 வருஷத்துக் கல் சுவர், அதற்கு நேர் அடியில் போய் நின்று தலையை நீட்டிக் குளிக்கிறோம், யோசித்தாலே வயிற்றைக் கலக்குகிறது. ஆள் மூழ்கிய செய்தியும் அவ்வப்போது பேப்பரில் வருகிறது. பக்கத்து ஊர்க்காரர்கள் உள்ளதை உள்ளபடி சொல்லுங்க.

தடப்பள்ளிப் பாசனம்:
சுவரை நினைத்துப் பயப்படாதீங்க அக்கா. கொங்காள்வான் என்ற அரசர் காலத்தில் பாறைமேல் கட்டியது, 20 அடி உயரம்தான் வரும். கல்லோடு கல்லை இரும்புக் கம்பியால் பிணைத்து ஈயத்தைக் காய்ச்சி ஊற்றியிருக்கிறார்கள் என்று சொல்வார்கள், கோடையில் தண்ணீர் நூலாக ஒழுகும்போது போனால் அந்த வேலைப்பாட்டை நேரிலேயே பார்க்கலாம். வலது கரையில் தடப்பள்ளி, இடது கரையில் அரக்கன்கோட்டை என்று இரண்டு வாய்க்கால், இரண்டுமாகச் சேர்ந்து 24,504 ஏக்கருக்குத் தண்ணீர் பாய்கிறது. எங்கள் வயலும் அதில்தான் இருக்கிறது, அதனால் அந்தச் சுவருக்கு ஒன்று என்றால் முதலில் கத்துவது நாங்கள்தான்.

பயப்பட வேண்டியது ஆற்றில் இதற்கு மேலே இருக்கிற பவானிசாகர் அணைக்கு. 105 அடி அணை, 32.8 டிஎம்சி தண்ணீர் பிடிக்கும் (ஒரு டிஎம்சி என்றால் நூறு கோடி கன அடி). அது நிரம்பி உபரி நீரை ஆற்றில் திறந்தால் சில மணி நேரத்தில் கொடிவேரிக்கு வந்துவிடும். இங்கே வெயில் சுள்ளென்று அடிக்கும், ஒரு பொட்டு மழை இருக்காது, ஆனால் நீலகிரியில் கொட்டியது இங்கே வந்து நிற்கும். கிளம்புகிற அன்று காலையில் பவானிசாகரில் ஆற்றுக்கு எத்தனை கன அடி திறந்திருக்கிறார்கள் என்று செய்தியில் பாருங்க. குளிக்கத் தடை போட்டிருந்தால் திரும்பி வந்துடுங்க, காவலரிடம் கெஞ்சிக்கொண்டு நிற்க வேண்டாம்.

சிமெண்ட் சட்டி:
கட்டுமானத் துறையில் இருக்கிறேன். மேலே சொன்னதில் முக்கால்வாசி சரி, ஆனால் சுவரைப் பற்றிக் கவலையே வேண்டாம் என்கிற மாதிரி விட்டுவிட முடியாது. இந்த மாதிரித் தடுப்பணை தன் எடையால் நிற்கிறது, வெள்ளம் தலைக்கு மேலே வழிந்து போவதற்காகவே கட்டியது. பின்னால் பெரிய நீர்த்தேக்கம் கிடையாது, அதனால் உடைந்து ஊரையே அடித்துக்கொண்டு போகும் என்ற பயம் வேண்டாம். ஆனால் கல் இடுக்கில் ஒரு அரசஞ்செடி முளைத்து, பிடுங்காமல் நாலு வருஷம் விட்டால், எந்த வெள்ளமும் அசைக்காத கல்லை அதன் வேர் அசைத்துவிடும். 900 வருஷம் நின்றது என்றால் தலைமுறை தலைமுறையாக யாரோ பராமரித்திருக்கிறார்கள் என்று அர்த்தம், தானாக நிற்கவில்லை.

இன்னொன்று, இதுதான் முக்கியம். தண்ணீர் குறைவாக இருக்கும்போது அது அருவி மாதிரி விழும், குளிக்க அருமையான இடம். அளவு ஏறி அடியில் இருக்கிற தண்ணீரும் உயர்ந்ததும் கதையே மாறிவிடும். விழுகிற தண்ணீர் அடியில் போய், மேலே வந்து, மறுபடியும் சுவரை நோக்கியே சுருட்டிக்கொண்டு வரும். மிதந்து வருகிற கட்டையே அதில் மாட்டினால் வெளியே வராமல் ஒரே இடத்தில் உருண்டுகொண்டிருக்கும். நுரை முழுக்கக் காற்று என்பதால் உடம்பும் சரியாக மிதக்காது. நல்ல நீச்சல்காரர்களே இதில் போய்விடுகிறார்கள். உலகம் முழுக்கச் சின்ன தடுப்பணைகளில் ஆள் போவது பெரும்பாலும் இப்படித்தான். பார்க்கிறவர்களுக்கு, இவ்வளவு சின்னச் சுவர் என்ன செய்துவிடும் என்று தோன்றும், அதுதான் சனியன்.

சத்தி ரோடு:
மேலே இருக்கிற இரண்டு பேரும் பயமுறுத்திவிட்டார்கள், ஆனால் போங்க, தாராளமாகப் போங்க, நாங்கள் வருஷா வருஷம் போகிறவர்கள்தான்.

மாமியாரைத் தண்ணீர் விழுகிற இடத்துக்குக் கூட்டிப் போகாதீங்க, பாறை முழுக்கப் பாசி, முழங்கால் சரியாக இருக்கிறவர்களே அங்கே சர்ரென்று விழுகிறார்கள். கரையில் நிழலில் உட்கார வைத்து ஒரு தட்டு வறுத்த மீன் வாங்கிக் கொடுத்தால் அவர் பாட்டுக்கு இருப்பார். சின்னவனின் கையை விடவே விடாதீங்க. தடுப்புக் கம்பி இருக்கிற இடத்தோடு நின்றுகொள்ள வேண்டும், அதற்கு அந்தப் பக்கம் எங்கே பாறை, எங்கே கசம் (ஆழமான பள்ளம்) என்று மேலிருந்து பார்த்தால் தெரியாது. காலில் செருப்பு இருக்கட்டும், குடித்துவிட்டுப் பாட்டிலை உடைத்துப் போடுகிற நாய்ப் பிழைப்புக்காரர்கள் அங்கேயும் உண்டு. காணும் பொங்கல், ஆடிப்பெருக்கு இரண்டு நாளும் அந்தத் திசைக்கே தலை வைத்துப் படுக்காதீங்க. சாதாரண ஞாயிறு என்றால் காலையிலேயே போய்விட்டு, கூட்டம் ஏறும் முன் கிளம்பிவிடலாம்.

திருப்பூர் மீனா:
எல்லோருக்கும் நன்றிங்க. பெரியவள் பரிசலில் போகணும் என்கிறாள், அது பரவாயில்லையா?

தடப்பள்ளிப் பாசனம்:
பரிசல் சவாரி தனியாக நடக்கிறது அக்கா. உயிர்காப்பு உடுப்பு கொடுத்தால் மட்டும் ஏறுங்க, பெரியவர்களுக்கும் சேர்த்துத்தான், ‘அட சும்மா ஏறுங்க, ஒன்றும் ஆகாது’ என்றால் இறங்கிடுங்க. சுவருக்கு மேல் பக்கத்தில் தண்ணீர் குளம் மாதிரி அசையாமல் கிடக்கும், ஆழமும் அங்கேதான். பிள்ளைகள் அந்தப் பக்கம் கால் நனைக்கப் போகாமல் பார்த்துக்கோங்க.