டி.ஓ. மருத்துவக் கல்லூரி: இந்த ஆண்டே விண்ணப்பம் போடலாமா, அடுத்த மே வரை பொறுக்கலாமா?

பவானிக்கரை:

வணக்கம். எனக்கு வயது 34. ஊர் ஈரோடு பக்கம் பவானி. பி.பி.டி. முடித்து ஈரோட்டில் ஒரு மருத்துவமனையில் இரண்டு ஆண்டு பிசியோதெரபிஸ்டாக இருந்தேன். 2015-ல் கல்யாணமாகி மிச்சிகன் வந்தேன். கணவரின் வேலை விசாவைச் சார்ந்த எச்4 விசாவில் இருந்தவரை மருத்துவக் கல்லூரி என்று வாய்விட்டுச் சொல்லவே தயக்கம். பல கல்லூரிகள் குடியுரிமை அல்லது கிரீன் கார்டு இருந்தால்தான் விண்ணப்பத்தையே பார்க்கின்றன. இருந்தாலும் 2020-ல் கம்யூனிட்டி காலேஜில் வேதியியலில் தொடங்கினேன். அப்புறம் பல்கலைக்கழகத்துக்கு மாறி, இந்த மே 2025-ல் பி.எஸ். முடித்தேன். அதற்கு இரண்டு மாதம் முன்னால் கிரீன் கார்டும் வந்துவிட்டது.

ஏன் டி.ஓ., அதாவது ஆஸ்டியோபதி மருத்துவப் பட்டம், என்று கேட்பீர்கள். வாரம் மூன்று நாள் ஒரு குடும்ப மருத்துவரிடம் ஸ்கிரைபாக வேலை செய்கிறேன். அவர் பேசப் பேசக் குறிப்பை டைப் செய்வதுதான் வேலை. அவர் டி.ஓ. ஒருநாள் லாரி ஓட்டுநர் ஒருவர், ஆறு மாதமாகத் தலைவலி என்று வந்தார். டாக்டர் அவரை மல்லாக்கப் படுக்க வைத்து, தலைமாட்டில் உட்கார்ந்து, பின்மண்டைக்கும் கழுத்துக்கும் நடுவே விரல் நுனிகளைக் கொடுத்து, தலையின் முழு எடையையும் அதன்மேல் இறங்க விட்டார். அழுத்தவில்லை, இழுக்கவில்லை. இரண்டு மூன்று நிமிடம் பேச்சே இல்லை. பிறகு அந்த மனிதரின் தோள் தானாகக் கீழே இறங்கியது. நான் டைப் செய்வதை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஈரோட்டில் என் கை பழகிய வேலை அது. அதே டாக்டர் அடுத்த நிமிடம் அவருடைய ரத்த அழுத்தத்துக்கு மாத்திரையை மாற்றி எழுதினார். இந்த இரண்டும் ஒரே ஆளாகச் செய்ய வேண்டும் என்பதுதான் என் ஆசை.

(அம்மாவிடம் போனில் சொன்னபோது, "டி.ஓ.ன்னா கண் டாக்டருக்கா படிக்கப் போற?" என்றார். நம் ஊர் போர்டில் எம்.பி.பி.எஸ்., டி.ஓ. என்றால் கண் மருத்துவம்தானே. அமெரிக்காவில் இது எம்.டி.க்கு நிகரான முழு மருத்துவப் பட்டம் என்று விளக்க அரை மணி நேரம் ஆனது.)

இப்போது சிக்கல். மே மாதம் மருத்துவக் கல்லூரி நுழைவுத் தேர்வான எம்கேட் எழுதினேன். 497. வேதியியல்-இயற்பியல் 125, உயிரியல் 126, உளவியல் 125, பத்தி படித்துப் பதில் சொல்லும் கார்ஸ் பகுதியில் 121. பயிற்சித் தேர்வில் 503 வரை வந்திருந்தது. செப்டம்பர் தொடக்கத்தில் மறுபடி எழுத இடம் பிடித்து வைத்திருக்கிறேன். பேராசிரியர்கள் இருவர் கடிதம் தந்துவிட்டார்கள். டி.ஓ. டாக்டரும் எழுதித் தருவதாகச் சொன்னார். ஆனால் பிரசவ விடுப்பில் இருக்கிறார், ஆகஸ்ட் கடைசியில்தான் திரும்புவார். சுயவிவரக் கட்டுரை பாதியில் நிற்கிறது. பட்டப்படிப்பின் சராசரி மதிப்பெண் (ஜி.பி.ஏ.) 3.6. ஆர்கானிக் கெமிஸ்ட்ரி இரண்டில் முதலில் சி பிளஸ், திரும்பப் படித்து ஏ மைனஸ்.

"டி.ஓ. கல்லூரிகள் மார்ச் வரைகூட வாங்கும், இப்பவே போடு. திரும்பப் படித்த பாடத்துக்குப் புது மார்க்கைத்தான் எடுப்பார்கள்" என்கிறாள் தோழி. இப்போது போட்டால் 35 வயதில் சேரலாம், பொறுத்தால் 36. மகனுக்கு ஐந்து வயது, செப்டம்பரில் பள்ளிக்கூடம் போகிறான். இந்த ஒரு வருடம் பெரிதா சிறிதா என்று எனக்கே பிடிபடவில்லை. அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

ரவுண்ட்ஸ்:

அக்கா, வணக்கம். நான் டி.ஓ., ஓஹியோவில் இன்டர்னல் மெடிசின் (பொது மருத்துவம்) மூன்றாம் ஆண்டு ரெசிடென்ட், அதாவது பட்டம் முடித்த பயிற்சி மருத்துவர்.

முதலில் உங்கள் தோழி சொன்னதைத் திருத்திவிடுகிறேன். பழைய மார்க்கை எடுத்துவிட்டுப் புதியதை வைக்கும் வழக்கம் 2017-லேயே போய்விட்டது. எனக்கு அது நன்றாக நினைவிருக்கிறது, நான் முதன்முறை விண்ணப்பித்த ஆண்டு அது. அதை நம்பித்தான் இரண்டு பாடம் திரும்பப் படித்திருந்தேன். இப்போது டி.ஓ. கல்லூரிகளுக்கான பொது விண்ணப்ப அமைப்பான ஏகோமாஸ் இரண்டையும் சேர்த்தே கணக்கிடும். உங்கள் ஜி.பி.ஏ.வை அப்படிக் கணக்கிட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள். அறிவியல் ஜி.பி.ஏ. தனியாக வரும், அதில் கணிதம் சேராது.

இனி தேதி. ஏகோமாஸ் மே மாதம் திறக்கும், ஜூனில் கல்லூரிகளுக்குப் போகத் தொடங்கும். வந்த வரிசையில் பார்த்து, நேர்காணலுக்குக் கூப்பிட்டு, இடம் கொடுத்துக்கொண்டே போவார்கள். மார்ச் வரை வாங்குகிறார்கள் என்பது உண்மை. மார்ச்சில் எத்தனை இடம் மிச்சம் இருக்கும் என்பதுதான் கேள்வி.

2017-ல் நான் அக்டோபரில் அனுப்பினேன். மார்க் சரிபார்த்து முடிய நவம்பர் ஆகிவிட்டது. ஒவ்வொரு கல்லூரியும் தனியாகக் கேட்கும் செகண்டரி கட்டுரைகளைக் கிறிஸ்துமஸ் விடுமுறையில் உட்கார்ந்து எழுதினேன். பிப்ரவரியில் ஒன்று, மார்ச்சில் ஒன்று, இரண்டே நேர்காணல். இரண்டிலும் காத்திருப்போர் பட்டியல். ஜூலை வரை குளிக்கப் போகும்போதுகூட போனை வாசலில் வைத்துவிட்டுப் போவேன். அழைப்பு வரவில்லை. அடுத்த ஆண்டு அதே எம்கேட், கிட்டத்தட்ட அதே கட்டுரை, கூடுதலாக ஒரு டி.ஓ. கடிதம். ஜூன் முதல் வாரத்தில் அனுப்பினேன். செப்டம்பரில் நேர்காணல், அக்டோபர் கடைசியில் இடம். என் தகுதி ஒரே வருடத்தில் அப்படி ஒன்றும் கூடிவிடவில்லை.

உங்கள் மதிப்பெண்ணில் என்னை உறுத்துவது 497 அல்ல, அந்த 121. டி.ஓ.வில் சேர்கிறவர்களின் சராசரி 504-ஐ ஒட்டி இருக்கும். மற்ற மூன்று பகுதிகளிலும் நீங்கள் பக்கத்தில் வந்துவிட்டீர்கள். கார்ஸ் என்பது 90 நிமிடத்தில் ஒன்பது பத்தி, 53 கேள்வி. அறிவியல் மாதிரி பாடத்தைப் புரட்டி ஏற்றிவிட முடியாது. தமிழில் யோசித்து வளர்ந்த நமக்கு, பழக்கமே இல்லாத தத்துவம், கலை விமர்சனம் எல்லாம் ஆங்கிலத்தில் வரும்போது வேகம் விழுந்துவிடும். தினம் இரண்டு பத்தி, தவறவிட்ட கேள்வியில் ஏன் அந்த விடை என்று எழுதிப் பார்ப்பது, இப்படி ஐந்தாறு மாதம் போனால்தான் ஏறும். எனக்கு அப்படித்தான் ஏறியது. ஆறேழு வாரத்தில் அதே 497 திரும்பி வந்தால், கல்லூரி இரண்டையும் சேர்த்துப் பார்க்கும். ஆண்டுக்கு மூன்று முறை, வாழ்நாளில் ஏழு முறை என்று வரம்பும் இருக்கிறது.

என் யோசனை: பொறுங்கள். ஜனவரியில் எழுதுங்கள். மே மாதம் எல்லாம் கையில் இருக்கட்டும்.

இரண்டு பிள்ளைக்காரி:

தம்பி சொல்வதில் தப்பில்லை, ஆனால் எனக்கு வேறு மாதிரி நடந்தது. நான் 38 வயதில் விண்ணப்பித்தேன். செப்டம்பரில் எம்கேட், அக்டோபரில் மதிப்பெண், மார்ச்சில் இடம் கிடைத்தது. இப்போது இரண்டாம் ஆண்டு. "அடுத்த வருஷம், அடுத்த வருஷம்" என்று நான் நான்கு ஆண்டு தள்ளியிருக்கிறேன். முதலில் மாமனார் உடம்பு, அப்புறம் வீடு வாங்கினோம், அப்புறம் சின்னவள் பிறந்தாள். தள்ளிப்போடுகிறவருக்குக் காரணம் கிடைத்துக்கொண்டே இருக்கும் என்பதால் சொல்கிறேன்.

ஆனால் ஒன்று. எனக்கு முதல் எம்கேட்டே 503. கடிதங்கள் ஜூனிலேயே ஏறிவிட்டன. விண்ணப்பத்தையும் ஜூனிலேயே அனுப்பி மார்க் சரிபார்ப்பை முடித்துவிட்டேன். மதிப்பெண் ஒன்றுக்குத்தான் எல்லாம் காத்திருந்தது. உங்களுக்கு மூன்று வேலை ஒரே சமயத்தில் நிற்கிறது. மகன் பள்ளிக்குப் போகும் முதல் மாதமும் அதேதான். அந்த மாதம் சளி, காய்ச்சல் எல்லாம் வீட்டுக்கு வரும், சொல்லிவிட்டேன்.

கணக்குப்பிள்ளை:

மகளுக்காக இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தவன் என்ற முறையில் பண விஷயம் மட்டும். இந்த ஜூலையில் கையெழுத்தான சட்டப்படி, 2026 ஜூலை 1-லிருந்து புதிதாகக் கடன் வாங்குகிறவர்களுக்கு கிராட் பிளஸ் என்ற மத்திய அரசுக் கடன் கிடையாது. மருத்துவப் படிப்புக்கு மத்திய அரசுக் கடன் ஆண்டுக்கு 50,000 டாலர், மொத்தம் 2,00,000 டாலர், அவ்வளவுதான். தனியார் டி.ஓ. கல்லூரிகள் பலவற்றில் கட்டணமும் வீட்டுச் செலவும் சேர்ந்தால் ஆண்டுக்கு 80,000-ஐத் தாண்டிவிடும். மிச்சத்துக்குச் சேமிப்பு வேண்டும், இல்லாவிட்டால் தனியார் கடன்.

இதைக் கேட்டுப் பயந்து அவசரப்பட வேண்டாம். இந்த ஆண்டு விண்ணப்பித்தாலும் பெரும்பாலான கல்லூரிகளில் நீங்கள் சேர்வது 2026 ஆகஸ்ட் வாக்கில். அடுத்த ஆண்டு என்றால் 2027. இரண்டும் அந்தத் தேதிக்குப் பிறகுதான், விதி ஒன்றுதான். கடனுக்காக முந்த வேண்டியதில்லை. மாறாக, மிச்சிகனில் அரசுப் பல்கலைக்கழகத்திலேயே டி.ஓ. கல்லூரி இருக்கிறது, ஈஸ்ட் லான்சிங்கில். டெட்ராய்ட்டிலும் மெக்கோம்பிலும் அதற்குக் கிளை உண்டு. மாநிலத்துக்குள் இருப்பவருக்குக் கட்டணம் குறைவு, முன்னுரிமையும் உண்டு. அந்த ஒரு கல்லூரிக்கு உங்கள் விண்ணப்பம் குறையில்லாமல் போவது பல லட்ச ரூபாய் விஷயம்.

பவானிக்கரை:

எல்லோருக்கும் நன்றி. ரவுண்ட்ஸ் தம்பியிடம் ஒன்று. இப்போது ஒரே ஒரு கல்லூரிக்கு மட்டும் அனுப்பி, செப்டம்பர் மதிப்பெண் நன்றாக வந்தால் மற்றவற்றைச் சேர்க்கலாம் என்கிறார் என் கணவர். அப்படிச் செய்யலாமா?

ரவுண்ட்ஸ்:

செய்யலாம் அக்கா, பிறகு சேர்க்க ஏகோமாஸ் விடும். இரண்டு பிள்ளைக்காரி அக்கா மாதிரி எல்லாம் தயாராக இருப்பவருக்கு அது நல்ல வழி. ஆனால் அந்த ஒரு கல்லூரி எது? ஈஸ்ட் லான்சிங் என்றால், உங்களுக்கு மிகவும் வேண்டிய கல்லூரி உங்களை முதன்முதலில் 497-உடன் பார்க்கும். அடுத்த ஆண்டு போடும்போது, "முன்பு விண்ணப்பித்தீர்களா, அதற்குப் பிறகு என்ன மாறியது" என்று பல கல்லூரிகள் செகண்டரியில் கேட்கும். நான் அந்தப் பதிலை எழுத ஒரு வாரம் திணறினேன்.

இன்னொன்று. நேர்காணலில் "ஏன் டி.ஓ.?" என்று கண்டிப்பாகக் கேட்பார்கள். எம்.டி. கிடைக்காது என்று வந்தவர் யார், தெரிந்து வந்தவர் யார் என்று அதில் தெரிந்துவிடும். அந்த லாரி ஓட்டுநர் கதையை இங்கே எழுதியிருக்கிற மாதிரியே உங்கள் கட்டுரையில் எழுதுங்கள். ஒரு சொல்லும் அலங்கரிக்க வேண்டாம்.

பவானிக்கரை:

முடிவு செய்துவிட்டேன். செப்டம்பர் இடத்தை நேற்று இரவு விட்டுக்கொடுத்தேன். அந்தப் பட்டனை அழுத்தும்போது கை நடுங்கியது, மறைக்கவில்லை. ஜனவரித் தேர்வுக்குப் பதிவு திறந்த அன்றே போட்டுவிடுவேன். இன்று காலை ஐந்து மணிக்கு எழுந்து முதல் இரண்டு பத்திகள் செய்தேன். ஒன்று பதினெட்டாம் நூற்றாண்டு ஓவியம், மற்றது நகரத் திட்டமிடல். பதினோரு கேள்வியில் ஆறு சரி. தவறிய ஐந்துக்கும் காரணம் நோட்டில் தமிழில் எழுதினேன், அப்படி எழுதினால்தான் எங்கே வழுக்கினேன் என்று தெரிகிறது.

சனிக்கிழமை டாக்டரின் குழந்தையைப் பார்க்கப் போகிறோம். கடிதத்தைப் பற்றி இப்போது வாயே திறக்க மாட்டேன், அவர் வேலைக்குத் திரும்பிய பிறகு கேட்டுக்கொள்ளலாம். பிப்ரவரியில் மதிப்பெண் வந்ததும் இதே இடத்தில் எழுதுகிறேன்.