ஜெப நேரத்த எப்படி விடாம காத்துக்கிட்டீங்க? அனுபவத்த சொல்லுங்க

பாளைக்காரன் (இப்ப சென்னை):
எல்லாருக்கும் ஸ்தோத்திரம். எங்க வீட்ல சாயங்காலம் 7 மணி ஆச்சுன்னா குடும்ப ஜெபம், ஒரு கீர்த்தனை, ஒரு அதிகாரம், அப்புறம் அப்பா ஜெபம் பண்ணுவாங்க, விருந்தாளி வந்திருந்தாலும் நிக்காது. அப்படியே வளந்ததால ஜெபம் தானா வரும்னு நெனச்சிட்டேன். வேலைக்கு வந்து திருவல்லிக்கேணி மேன்ஷன்ல நாலு பேர் ஒரே ரூம்ல தங்குனப்பதான் புரிஞ்சுது, இத்தன வருஷமா நான் அப்பாவோட ஜெபத்துல போய் ஒக்காந்திருந்தேன், எனக்குன்னு ஒண்ணு இல்லவே இல்ல.

லெந்து நாள்ல, அதான் ஈஸ்டருக்கு முந்தின தவக்காலத்துல, ஆரம்பிச்சேன். காலைல 5 மணி, ஊர்லருந்து கொண்டு வந்த கோரைப்பாய்ல முழங்கால் போட்டு. எந்திரிக்கும்போது முட்டில பாயோட வரி அப்படியே பதிஞ்சிருக்கும், அதப் பாத்துட்டு ரூம்மேட்ஸ் "பாஸ்டரே, எங்களுக்கும் ஒரு இன்கிரிமென்ட் கேளுங்க"ம்பாங்க. அதக்கூட தாங்கிக்கலாம். ஒரு நாள் ஒருத்தன் சாதாரணமா "ஒரு நாள் விட்டா ஒங்க சாமி கோச்சுக்குமாடா"ன்னான், அது குத்திருச்சு, ஏன்னா படுக்கைய விட்டு எந்திரிக்க முடியாத அன்னைக்கெல்லாம் நானே எனக்குள்ள கேட்டுக்கிட்ட கேள்வி அது.

ஆனா அவங்கள விட பெரிய தொந்தரவு போன்தான். வேதம் போன்லதான் இருந்துச்சு, சங்கீதம் வாசிக்கத் தொறப்பேன், மேல ஆபீஸ் குரூப் மெசேஜ் வந்து நிக்கும், நிமிந்து பாத்தா 5:40. கடைசில ஒரு அச்சு வேதாகமமும் ஒரு டைம்பீஸும் வாங்கினேன், ராத்திரியே போன ஆஃப் பண்ணி பெட்டிக்குள்ள வெச்சுப் பூட்டிருவேன்.

அப்ப வேதத்துல தானியேல் 6-ம் அதிகாரம் வாசிச்சேன். ராஜாவத் தவிர 30 நாளைக்கு யாருகிட்டயும் எதுவும் கேக்கக் கூடாதுன்னு சட்டம், கையெழுத்தும் ஆயாச்சு, அது தெரிஞ்சும் தானியேல் ஜெபிக்க மேலறைக்குப் போறார். சட்டம் வந்துருச்சேன்னு பலகணிய சாத்தல, வீம்புக்குன்னு புதுசா எதுவும் செய்யவும் இல்ல, "முன் செய்துவந்தபடியே" தினம் மூணு வேளைன்னு இருக்கு. அந்த ரெண்டு வார்த்தைய எத்தன வாட்டி வாசிச்சேன்னு தெரியாது. ரூம்ல கிண்டல் இன்னும் நிக்கல, பாய் விரிக்கிறதும் நிக்கல.

ரெண்டு பிள்ளைங்க அம்மா:
தம்பி, உங்களுக்கு நாலு பேர், எனக்கு ரெண்டே பேர், ஆனா 5 மணிக்கு நான் கண்ணத் தொறந்தா சின்னவளும் தொறந்திருவா. மெதடிஸ்ட் சபைய ஆரம்பிச்ச ஜான் வெஸ்லியோட அம்மா சூசன்னாவுக்கு 19 பிள்ளைங்க பொறந்துச்சு, அந்த அம்மா சமையல்கட்டுல ஏப்ரன தலைக்கு மேல இழுத்துப் போட்டுக்கிட்டு ஜெபிப்பாங்களாம்னு ஓய்வுநாள் பள்ளில டீச்சர் சொன்னது ஞாபகம் வந்துச்சு. நானும் அடுப்படில குக்கர் வெச்சுட்டு முக்காடு போட்டுருவேன். மொத வாரம் முந்தானையப் புடிச்சு இழுத்தா. இப்ப அவளே ஒரு துண்ட தலைல போட்டுக்கிட்டு பக்கத்துல ஒக்காந்து என்னமோ முணுமுணுக்கிறா. மாமியாருக்குத்தான் வருத்தம், "வேலைய முடிச்சிட்டு ஜெபிச்சா கர்த்தர் கேக்க மாட்டாரா"ம்பாங்க. எதுத்துப் பேசுறதில்ல அத்தைகிட்ட. வீட்டு வேல என்னைக்குத்தான் முடிஞ்சுது?

தூத்துக்குடி அண்ணன், தோஹா:
நாங்க கத்தோலிக்கர், எங்க பக்கம் செபம்னு சொல்லுவோம். இங்க வெள்ளிக்கிழமைதான் லீவு, அன்னைக்கே திருப்பலி உண்டு, 2008ல தொறந்த செபமாலை மாதா கோயில். ஆனா அன்னைக்குத்தான் ஓவர்டைமும் கூப்புடுவாங்க. ஊர்ல கடன் இருக்குல்ல, ஓவர்டைமுக்குப் போகலன்னா கேம்ப்ல எல்லாரும் பைத்தியக்காரனப் பாக்குற மாதிரி பாப்பாங்க. எல்லா வாரமும் என்னால கோயிலுக்குப் போக முடியல, அத மறைக்கல. அதனால சைட் பஸ்ல செபமாலை. கைல பத்து விரல் இருக்கு, மாலைல ஒரு பத்துன்னா பத்து மணி, அத எண்ண விரலே போதும்.

மூணாவது பத்துல மனசு கண்டிப்பா கடனுக்குப் போயிரும். முன்னெல்லாம் தப்பாயிருச்சுன்னு மொதல்லருந்து சொல்லுவேன், மாலைல வர்ற 53 "அருள் நிறைந்த மரியே" செபம் ஒரு நாளும் முடியாது. பாவசங்கீர்த்தனத்துல, அதான் பாவத்த அறிக்கை பண்றப்ப, சாமியார்கிட்ட சொன்னேன். "மனசு எந்த விரல்ல திரும்பி வருதோ அங்கருந்து சொல்லு"ன்னார்.

பாளைக்காரன்:
அண்ணே, இத நான் பாதி ஜெபத்துல தூங்கி முழிக்கிற அன்னைக்கு எடுத்துக்கிறேன். எந்திரிச்சுப் போயிராம, முழிச்ச எடத்துலருந்து.